அன்று திங்கட்கிழமை

என் கடையில் ஒரு அளவு நோட்டு இருந்தது. நீளமான கணக்கு நோட்டு, பச்சை அட்டை. 2018-இல் கடை போட்ட நாள் முதல் என்னிடம் ஜாக்கெட் தைத்த பெண்கள் எல்லாருடைய அளவும் அதில் இருந்தது. உடம்பு சுற்று, இடுப்பு, தோள், கை நீளம், கை லூஸ், முன் கழுத்து, பின் கழுத்து. பாதிப் பேருக்குப் பெயர்கூட எழுதியிருக்க மாட்டேன். ‘மத்தூர் டீச்சர்’, ‘பால் சொசைட்டி அக்கா’, ‘இட்லிக் கடை அம்மா சின்ன மருமகள்’ என்றுதான் இருக்கும். குழந்தை பிறந்து உடம்பு போட்டவர்களுக்குப் பழைய அளவை அடிக்காமல் பக்கத்திலேயே வேறு மையில் புது அளவு எழுதுவேன். ஒரு பெண் என்னிடம் வந்துபோன வருடங்கள் அந்த ஒரு வரியைப் பார்த்தாலே தெரியும்.

2024 டிசம்பர் 2 அன்று அந்த நோட்டு சேற்றுக்குள் போனது.

ஊத்தங்கரைக்காரர்களுக்கு அந்த நாளைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30 இரவு புதுச்சேரிப் பக்கம் கரையேறியது. எங்கள் ஊர் கடலை விட்டு வெகு தூரம். புயல் என்றால் டிவியில் பார்ப்பதுதான் எங்களுக்குப் பழக்கம். அந்தப் புயல் அவசரமில்லாமல் உள்ளே நகர்ந்து வந்து, 2-ஆம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் ஊத்தங்கரையில் மட்டும் 50 சென்டிமீட்டர் கொட்டியது. எங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒரு வருடம் முழுக்கப் பெய்வதில் பாதிக்கு மேல். ஏரி நிரம்பி வழிந்தது. சாலையோரம் நிறுத்தியிருந்த வேன்களையும் கார்களையும் தண்ணீர் பொம்மைபோல உருட்டிக்கொண்டு போனது. அந்த வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். என் கடை அதில் வராது. அது உள் தெருவில், பள்ளத்தில் இருக்கிறது.

முதல் நாள், டிசம்பர் 1, ஞாயிறு. திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு, அதாவது கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளில் முதலாவது. விடாத மழையில் குடையோடு கோவிலுக்குப் போனோம். கூட்டமே இல்லை. நான்கு மெழுகுவர்த்திகளில் முதலாவதை ஏற்றினார்கள். அது எதிர்நோக்கின் மெழுகுவர்த்தி. ஜன்னல் வழியாகச் சாரல் அடித்து இரண்டு முறை அணைந்தது. உபதேசியார் கையால் மறைத்துப் பிடித்துக்கொண்டு மூன்றாம் முறை ஏற்றினார்.

இதை நான் நினைத்து நினைத்துப் பார்ப்பதற்குக் காரணம் உண்டு. எங்கள் ஊர் வறண்ட ஊர். பங்குனி, சித்திரை வந்தால் எங்கள் கோவிலில் விசுவாசிகள் மன்றாட்டில் ஒரு மன்றாட்டு கட்டாயம் மழைக்காக இருக்கும். ‘ஏரி, குளம் நிரம்ப, ஆண்டவரே உம்மை மன்றாடுகிறோம்’ என்று நானே மைக்கில் வாசித்திருக்கிறேன். ஏரி நிரம்பியது. அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்கு இன்றுவரை முழுதாகத் தெரியாது.

திங்கட்கிழமை மதியத்துக்கு மேல்தான் கடைக்குப் போக முடிந்தது. ஷட்டரைத் தூக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. உள்ளே முழங்காலுக்குச் சேறு. மோட்டார் மெஷின் இரண்டு, ஓவர்லாக் மெஷின் ஒன்று, எல்லாம் கவிழ்ந்து கிடந்தன. கிறிஸ்துமஸுக்கும் பொங்கலுக்கும் வந்திருந்த ஜாக்கெட் துணி 43, ஃபால்ஸ் வைக்க வந்த புடவைகள் 11. அதில் ஒன்று தை மாதக் கல்யாணத்துக்கான பட்டு. என் துணி போயிருந்தால் போகிறது என்றுவிடலாம். அவ்வளவும் நம்பிக் கொடுத்தவர்களுடைய துணி. கட்டிங் டேபிளின் அடியில் கையை விட்டபோது அளவு நோட்டு கிடைத்தது. திறந்தால் நீலமும் சிவப்புமாக ஒரே கறை. ஒரு எண்கூடப் படிக்க முடியவில்லை. மெஷினைப் பார்த்தபோது வராத அழுகை அப்போதும் வரவில்லை. நெஞ்சு கல்லாகிவிட்டது.

வீட்டுக்காரர் ஓசூரில் கம்பெனி வேலையில் இருக்கிறார். பஸ் ஓடவில்லை. போனில் சார்ஜ் கொஞ்சம் இருந்தபோது சொந்தத்தில் ஒருவர் அழைத்தார். ‘எல்லாம் நன்மைக்குத்தான்மா. ஸ்தோத்திரம் சொல்லு, ஆண்டவர் ரெண்டு மடங்கா குடுப்பார்’ என்றார். நல்ல மனதோடு சொன்னதுதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் சேறு நாறும் கையோடு நிற்பவளிடம் அந்த வார்த்தை போய்ச் சேரவில்லை. சரி என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். நன்றி சொல்லாததால்தான் இன்னும் துன்பப்படுகிறேனோ என்று ஒரு பயத்தைத்தான் அது விட்டுவிட்டுப் போனது. துன்பத்தில் இருக்கிறவர்களிடம் இதைச் சொல்லாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். நன்றியைக் கொடுத்து இரண்டு மடங்கு வாங்குவது வியாபாரம். ஜெபத்தை அப்படிச் சொல்லிக் கொடுத்தால், ஒரு மடங்கும் திரும்பி வராதவர்கள் கடைசியில் கோவிலுக்கே வர மாட்டார்கள்.

அன்று இரவு கரண்ட் இல்லை. வீட்டுக்குள் கணுக்கால் அளவு வந்த தண்ணீர் வடிந்து, தரை பிசுபிசுவென்று இருந்தது. கட்டில் மேல் நான், என் பையன், என் மாமியார். அத்தைக்கு 74 வயது. பிறந்த ஊர் எலத்தகிரி. கிருஷ்ணகிரிப் பக்கத்தவர்களுக்கு அந்தப் பெயரைச் சொன்னால் போதும், தலைமுறை தலைமுறையாகக் கத்தோலிக்கர்கள் வாழும் ஊர். அத்தை சுருக்குப் பையிலிருந்து ஜெபமாலையை எடுத்து, சிலுவை அடையாளம் போட்டு, வழக்கமான குரலில் சொன்னார்:

‘இன்னிக்கு திங்கக்கெழம. சந்தோஷ தேவ ரகசியம்.’

எனக்குச் சுருக்கென்றது. ‘அத்தை, இன்னிக்காவது துக்க தேவ ரகசியம் சொல்லக் கூடாதா?’ என்றேன்.

‘அது நாளைக்கு வரும் கண்ணு’ என்றார். அவ்வளவுதான். ஆரம்பித்துவிட்டார்.

ஜெபமாலை சொல்லிப் பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு வார்த்தை. நாங்கள் மணிகளை உருட்டும்போது இயேசு, மாதாவின் வாழ்க்கையிலிருந்து ஐந்தைந்து நிகழ்ச்சிகளை நினைத்துக்கொண்டே சொல்வோம். அந்த நிகழ்ச்சிகளைத்தான் தேவ ரகசியம் என்கிறோம். எந்த நாளில் எது என்று வைத்திருக்கிறார்கள். திங்களும் சனியும் சந்தோஷம், செவ்வாயும் வெள்ளியும் துக்கம், புதனும் ஞாயிறும் மகிமை. வியாழக்கிழமைக்கான ஒளியின் தேவ ரகசியங்கள் 2002-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் சேர்த்தவை. அத்தை அதை ஐம்பது வயதுக்கு மேல் புதிதாக மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார். நம் மனநிலையைக் கேட்டு நாள் மாறுவதில்லை. வீட்டில் கல்யாணம் நடந்தாலும் செவ்வாய் என்றால் துக்கம்தான். கடை மூழ்கினாலும் திங்கள் என்றால் சந்தோஷம்தான்.

அன்றிரவு 53 மணியையும் என் வாய் சொன்னது, மனம் சொல்லவில்லை. அத்தை முன்பாதி சொல்ல, பின்பாதியை நானும் பையனும் முணுமுணுத்தோம். எனக்குள் ஒரு வெளிச்சமும் வரவில்லை. அதை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும்.

ஆனால் அடுத்தடுத்த நாட்களில், சேற்றுத் துணியை அலசிக்கொண்டிருக்கும்போது, அந்த ஐந்தும் ஒவ்வொன்றாக மேலே வந்தன. சின்ன வயதிலிருந்து சந்தோஷம், சந்தோஷம் என்று சொல்லி வந்தவை. உள்ளே என்ன இருக்கிறது என்று அன்றைக்குத்தான் கவனித்துப் பார்த்தேன். முதலாவது, வானதூதர் மாதாவுக்கு மங்கள வார்த்தை சொன்னது. கல்யாணம் ஆகாத பெண்ணுக்குக் குழந்தை என்ற செய்தி. அந்தக் காலத்து ஊரில் அது எவ்வளவு பெரிய ஆபத்து! மூன்றாவது, இயேசு பிறந்தது. இடம் கிடைக்காமல் மாட்டுத் தீவனத் தொட்டியில் பிள்ளையைக் கிடத்தினார்கள். நான்காவது, கோவிலில் காணிக்கையாக ஒப்புக்கொடுத்தது. நாற்பது நாள் பிள்ளையைக் கையில் வைத்திருக்கும் தாயிடம் சிமியோன் பெரியவர், ‘உமது உள்ளத்தையும் ஒரு வாள் ஊடுருவிப் பாயும்’ என்கிறார். ஐந்தாவது, காணாமல் போன பிள்ளையைக் கோவிலில் கண்டது. அதற்கு முன்னால் பிள்ளையைத் தேடி அலைந்த நாட்கள் இருக்கின்றன. மூன்று நாள். என் பையன் ஒரு முறை சந்தையில் பத்து நிமிடம் காணாமல் போனான். அந்தப் பத்து நிமிடத்தை வைத்து அந்த மூன்று நாளை நினைத்துப் பார்த்தேன்.

சந்தோஷ தேவ ரகசியங்கள் என்று பெயர் வைத்த முன்னோர்கள் இதையெல்லாம் தெரிந்துதானே வைத்திருப்பார்கள். சந்தோஷம் என்று நான் எதை நினைத்திருந்தேனோ அது வேறு. இவர்கள் சொன்ன சந்தோஷத்துக்குள் தொட்டியும் வாளும் அலைச்சலும் இருந்தன. கடவுள் அந்த வீட்டுக்குள் வந்துவிட்டார், அதனால் அது சந்தோஷம்.

இரண்டாவதை விட்டுவிட்டேன், வேண்டுமென்றேதான். மாதா, எலிசபெத்தைச் சந்தித்தது. புதன்கிழமை காலை, நான் கடையில் தனியாகச் சேறு வாரிக்கொண்டிருந்தபோது வாசலில் ஒரு பெண் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நின்றாள். ஐந்து வருடத்துக்கு முன் என்னிடம் தையல் பழகிய பெண். சிங்காரப்பேட்டையில் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள். அவள் வீட்டில் மாரியம்மனைக் கும்பிடுகிறவர்கள். ‘போன் போகலக்கா, அதான் கெளம்பி வந்துட்டேன்’ என்றாள். பஸ் கிடைத்த இடம் வரை பஸ், பிறகு யாரோ பால் வண்டியில் ஏற்றிக்கொண்டார்களாம். மூன்று நாள் எங்கள் வீட்டிலேயே தங்கினாள். 43 துணியையும் இரண்டு பேரும் சேர்ந்து ஐந்து தண்ணீர் அலசினோம். சோப்புத் தூள், சுடு தண்ணீர், எலுமிச்சை, வெயில். 29 தேறியது. பட்டு தேறவில்லை. பட்டுக்காரி வந்து கத்தினாள். அவள் கத்தியது நியாயம். 6,500 ரூபாய், மூன்று தவணையில் கொடுத்து முடித்தேன்.

எங்கள் அன்பியத்துப் பெண்களும், அதாவது அக்கம்பக்கத்து ஜெபக் குழுப் பெண்களும், விளக்குமாறும் வாளியுமாக வந்தார்கள். அவர்களுடைய வீடுகளிலேயே பாதி ஈரம் காயவில்லை.

இந்த நாட்களில்தான் அத்தையின் ஜெபத்தை நான் காது கொடுத்துக் கேட்டேன். ஜெபமாலை முடிந்ததும் அவர் சொந்தமாகக் கொஞ்சம் பேசுவார். இத்தனை வருடமாக அந்த நேரத்தில் நான் அடுப்படிக்கு எழுந்து போய்விடுவேன். ‘ஆண்டவரே, மிதி மெஷின் ஒண்ணு நின்னுச்சு, ஒமக்கு நன்றி. மோட்டாரு மெஷினு ரெண்டும் ஓடணும் சாமி. அந்தப் புள்ள சிங்காரப்பேட்டையிலேருந்து வந்துச்சு, நன்றி. அதுக்கு ஒரு கொழந்தயக் குடு. இன்னிக்கு சோறு இருந்துச்சு, நன்றி. எம் மருமவளுக்கு ராத்திரி தூக்கம் வரணும்.’ ஒரு நன்றி, ஒரு கேள்வி. ஒரு நன்றி, ஒரு கேள்வி. நன்றி எங்கே முடிந்து கேட்பது எங்கே ஆரம்பிக்கிறது என்று பிரிக்க முடியாது. தண்ணீர் வந்ததற்கு அவர் ஒரு நாளும் நன்றி சொல்லவில்லை. அதை நான் கவனித்துக்கொண்டேதான் இருந்தேன்.

மிதி மெஷின் பற்றிச் சொல்லவில்லையே. அத்தை வைத்திருந்த பழைய மெஷின் அது, கடை மூலையில் கிடந்தது. பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம் என்று இரண்டு முறை பேசியிருக்கிறேன். மண்ணெண்ணெய் ஊற்றித் துடைத்து, எண்ணெய் விட்டு, பெல்ட் மாற்றியதும் ஓடியது. கரண்ட் வராத நாட்களில் ஊரில் சின்னச் சின்னத் தையலுக்கு அது ஒன்றுதான் இருந்தது. மோட்டார் மெஷினில் ஒன்றைக் காயில் கட்டி ஓட வைத்தோம். ஓவர்லாக் போனது போனதுதான்.

டிசம்பர் 15, திருவருகைக் காலத்தின் மூன்றாம் ஞாயிறு. மகிழ்ச்சி ஞாயிறு என்போம். ஊதாவுக்கு நடுவில் அன்றைக்கு மட்டும் ரோஸ் நிற மெழுகுவர்த்தி. வாசகர் அட்டவணை நவம்பர் மாதமே போட்டாகிவிட்டது. இரண்டாம் வாசகத்துக்கு என் பெயர். சனிக்கிழமை சாயங்காலம் வாசகத்தைப் பார்த்தேன். பைபிளில் பவுல் பிலிப்பியருக்கு எழுதிய கடிதம், 4-ஆம் அதிகாரம். ‘ஆண்டவரோடு இணைந்து என்றும் மகிழுங்கள், மீண்டும் கூறுகிறேன், மகிழுங்கள்.’

என்னால் முடியாது என்று நினைத்தேன். நாளை என் எதிரில் உட்காரப்போகிறவர்களை ஒவ்வொருவராக எனக்குத் தெரியும். வண்டி போனவர், மாடு போனவர், மளிகைக் கடை முழுக்க நனைந்தவர். இவர்களைப் பார்த்து மைக்கில் மகிழுங்கள் என்று சொல்வதா? வேறு யாரையாவது வாசிக்கச் சொல்லலாம் என்று உபதேசியாரிடம் போனேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, ‘எழுதினவர் எங்கேருந்து எழுதினார்னு ஒரு தரம் பாத்துட்டு வாங்கம்மா’ என்றார்.

அன்றிரவு நான்கு அதிகாரத்தையும் உட்கார்ந்து படித்தேன். சின்னக் கடிதம்தான். பவுல் அதைச் சிறையிலிருந்து எழுதுகிறார், விலங்கைப் பற்றி முதல் அதிகாரத்திலேயே சொல்கிறார். எழுதுவது பிலிப்பி ஊருக்கு. அந்த ஊரில்தான் அவரையும் சீலாவையும் அடித்துத் தொழுமரத்தில் கால்களை மாட்டி வைத்தார்கள், நடுராத்திரியில் அவர்கள் பாடினார்கள். நான் அதுவரை கவனிக்காத ஒன்று இரண்டாம் அதிகாரத்தில் இருந்தது. பிலிப்பியர்கள் உதவிக்கு அனுப்பிய எப்பப்பிராதித்து சாகும் அளவுக்கு நோயில் விழுந்து பிழைத்தார். கடவுள் அவருக்கு இரங்கினார், எனக்கும் இரங்கினார், இல்லாவிட்டால் எனக்குத் துயரத்தின் மேல் துயரம் வந்திருக்கும் என்று பவுல் எழுதுகிறார். மகிழுங்கள், மகிழுங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறவர் தன் துயரத்தை மறைக்கவில்லை. நண்பன் செத்துவிடுவானோ என்று பயந்ததையும் அதே கடிதத்தில் எழுதி வைத்திருக்கிறார். எனக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது. அப்புறம் அந்த வாசகத்திலேயே இன்னொரு இடம். உங்கள் விண்ணப்பங்களை நன்றியோடு சேர்த்துக் கடவுளிடம் தெரிவியுங்கள் என்கிறார். கேளுங்கள், கிடைத்தபின் நன்றி சொல்லுங்கள் என்று இல்லை. ஒரு நன்றி, ஒரு கேள்வி. அடுத்த அறையில் அத்தை தூங்கிக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை நான்தான் வாசித்தேன். இரண்டாவது ‘மகிழுங்கள்’ வந்தபோது குரல் உடைந்தது. நிறுத்தி, தண்ணீர் குடித்துவிட்டு, மறுபடியும் அந்த வரியிலிருந்தே வாசித்தேன். அதனால் அன்று எங்கள் கோவிலில் ‘மகிழுங்கள்’ நான்கு முறை கேட்டது. மளிகைக் கடைக்காரர் மனைவி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். அதன் பிறகு காணிக்கை, அப்பமும் திராட்சை இரசமும். காட்டிக் கொடுக்கப்பட்ட இரவில்தான் இயேசு அப்பத்தை எடுத்து நன்றி சொன்னார். ஒவ்வொரு பூசையிலும் கேட்கும் வார்த்தைதான். அன்று அந்த ‘இரவில்’ என்ற சொல் தனியாகக் காதில் விழுந்தது.

ஒரு வருடம் ஓடிவிட்டது. ஓவர்லாக் வாங்க மகளிர் குழுவில் 50,000 கடன் எடுத்தேன். 24 தவணையில் 10 கட்டியிருக்கிறேன், இன்னும் 14 இருக்கிறது. புது அளவு நோட்டு வாங்கினேன். ‘மத்தூர் டீச்சர்’ முதல் ஆளாக வந்து, ‘எல்லாத்தையும் மறுபடி எடுத்துக்கோ’ என்று கையை அகட்டி நின்றார். இந்த முறை எல்லாருடைய பெயரையும் கேட்டு எழுதுகிறேன். இத்தனை வருடம் தைத்துக்கொடுத்தும் எத்தனையோ பேரின் பெயர் எனக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது. இப்போது ஜெபத்தில் அந்தப் பெயர்களைச் சொல்ல முடிகிறது. சிங்காரப்பேட்டைப் பெண்ணுக்கு இன்னும் குழந்தை இல்லை. அத்தை கேட்பதை விடவில்லை.

போன வாரம் டிசம்பர் 2 வந்தது. காலையிலிருந்தே எனக்கு உடம்பு சரியில்லாததுபோல இருந்தது. சாயங்காலம் லேசாகத் தூறியது. நான் கடையை ஆறு மணிக்கே மூடிவிட்டு வந்துவிட்டேன். சாப்பாடு முடிந்து கட்டிலில் உட்கார்ந்தோம். வீட்டுக்காரரும் அன்று வந்திருந்தார். அத்தை சுருக்குப் பையைத் திறந்து ஜெபமாலையை எடுத்தார். உடனே ஆரம்பிக்கவில்லை. என் பக்கம் திரும்பினார்.

‘இன்னிக்கு செவ்வாக்கெழம’ என்றார். ‘போன வருசம் கேட்டியே கண்ணு. துக்க தேவ ரகசியம்.’

ஒரு வருடம் அதை நினைவில் வைத்திருந்திருக்கிறார். முதலாவது, இயேசு பூங்காவனத்தில் இரத்த வியர்வை வியர்த்தது. அத்தை முன்பாதியைச் சொன்னார். பின்பாதியை எடுக்க வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது. பையனும் அவன் அப்பாவும் எனக்காகச் சொன்னார்கள். மூன்றாவது வரை அழுதேன். நான்காவதிலிருந்து நானும் சேர்ந்துகொண்டேன். முடிந்ததும் அத்தை தன் கணக்கை ஆரம்பித்தார். மழை விட்டுவிட்டது, நன்றி. ஏரி கொஞ்சம் நிரம்பட்டும், போதும் சாமி, கொஞ்சம் போதும்.